மனந்திரும்புதலுக்கு எத்தனை சுழி?

போன செவ்வாய்க்கிழமை ஒரு போஸ்ட் கார்டு வந்தது. சிவகாசி வாசகர். போன வாரம் இந்தப் பத்தியில் 'மல்லாந்து படுத்து வாணம் பார்த்தேன்' என்று எழுதிவிட்டேனாம். 'ஐயா, எங்கள் ஊரில் வாணம் என்றால் தீபாவளிக்கு விடுவது. நீங்கள் பார்த்தது ரெண்டு சுழி வானமா, மூணு சுழி வாணமா? தமிழ் எம்.ஏ. என்று வேறு போட்டுக்கொள்கிறீர்களே!' என்று கேட்டிருந்தார்.

சுருக்கென்றது. 'அச்சுக் கோத்தவர் செய்த பிழை' என்று பதில் எழுதப் பேனாவைத் திறந்தேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் மனைவி ஜெயா, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதுக்கும் பழி போட ஆள் தேடுதியளா?"

பேனாவை மூடிவிட்டேன். பிழை என்னுடையதுதான், சிவகாசிக்காரரே. மன்னியுங்கள். ஆனால் ஜெயா ஏன் 'இதுக்கும்' என்றாள் தெரியுமா? அந்த 'உம்'மில் ஒரு கதை இருக்கிறது...

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு ராஜபாளையத்தில் தமிழ் வாத்தியார் வேலை. சபையில் வாலிபர் சங்கச் செயலாளர். புது எம்.ஏ. வேறு — கால் தரையில் பாவாத காலம்! போதாக்குறைக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. பெண், மேற்படி ஜெயாதான். அவளுடைய அப்பா தேவசகாயம் ஐயா பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருந்தார். சபைக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அவர் ஒன்று சொல்லிவிட்டால் கமிட்டியில் மறுபேச்சு கிடையாது.

சபையில் மூன்று நாள் உயிர்மீட்சிக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்கள் ஊருக்குள் திரும்பும் இடத்தில் நீளமான ஒரு மதில் உண்டு. அதில் 'மனந்திரும்புங்கள்!' என்று ஆள் உயரத்துக்கு எழுதி, கீழே கூட்ட விவரம் போட வேண்டும். எழுதுகிறவர் ஆசீர்வாதம் அண்ணன்.

அண்ணன் அருமையான பெயிண்டர். ஆனால் ஒரு காலத்தில் பெரிய குடிகாரர். காலையில் கைநடுக்கம் நிற்க ஒரு கிளாஸ், நடுக்கம் நின்ற சந்தோஷத்தில் இன்னொரு கிளாஸ் என்று வாழ்ந்தவர். அந்த வருஷத்துக்கு முந்திய வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில் எழுந்து நின்று விம்மி விம்மி அழுதார். அதோடு விட்டார். பதினோரு மாதம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

சபை நம்பியதா? நம்பியது... ஒரு கண்ணால். இன்னொரு கண் அவர் நடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. சீட்டில் எழுதிக் கொடுத்தது எதுவோ, அதுதான் சுவரில் வரும். அஞ்சாம் கிளாஸ் படிப்புதான் என்றாலும் முன்பெல்லாம் தானாகத் திருத்துவாராம். ஒரு ஓட்டல்காரர் 'பரோட்டா' என்று எழுதிக் கொடுத்ததை 'புரோட்டா' ஆக்கிவிட்டு, போர்டு முழுவதையும் அழித்து எழுத வேண்டியதாகிவிட்டது. அன்றோடு திருத்துவதை விட்டுவிட்டார்.

சீட்டு எழுதும் வேலை என்னுடையது. அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிரஸ்ஸில் உட்கார்ந்து என் கல்யாணப் பத்திரிகையை எழுதிக்கொண்டிருந்தேன். மணமகன், மணமகள், மணவிழா, மணநாள்... ஒரே மணம்! அதே பெஞ்சில், அதே பேனாவில், அதே வேகத்தில் அண்ணனுக்கான சீட்டையும் எழுதி மடித்தேன். சாயந்திரம் ராஜபாளையம் வந்து அவர் கையில் கொடுத்தேன். திரும்ப ஒரு தடவை படித்துப் பார்த்தேனா? எம்.ஏ. படித்தவன் எதற்குப் படித்துப் பார்க்க வேண்டும்?

சனிக்கிழமை மத்தியானம் புரூஃப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மதில் பக்கம் பஸ் திரும்பியது. கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்து உரக்க வாசித்தார்.

"மணந்திரும்புங்கள்! யோவ், மணந்து திரும்புறவுக எல்லாம் முன்னாடி வாங்க... மணக்காமத் திரும்புறவுக பின்னாடி போங்க!"

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று சுழி 'ண'. சுழித்துச் சுழித்து, அழகாக, என் கையெழுத்தில் இருந்த மாதிரியே.

அன்று சாயந்திரம் கமிட்டி அவசரமாகக் கூடியது. அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். தேவசகாயம் ஐயா கொதித்துப்போயிருந்தார்.

"ஊரே கைகொட்டிச் சிரிக்கி! பழையபடி ஊத்திக்கிட்டுத்தான எழுதியிருக்க? எம்.ஏ. படிச்ச நம்ம மாப்பிள்ளை கைப்பட எழுதிக் குடுத்தும் ஒனக்கு இந்தக் கேடா?"

நான் வாயைத் திறந்தேன். 'நம்ம மாப்பிள்ளை' என்றதும் மூடிக்கொண்டேன்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். "நான் குடிக்கலை ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் இனி அந்தச் சுவரைத் தொடக்கூடாது, விருதுநகரிலிருந்து வேறு பெயிண்டர் வருவார் என்று கமிட்டி தீர்மானித்தது. அந்தப் பெயிண்டரோ வருகிறேன், வருகிறேன் என்று ஒரு வாரம் இழுத்தடித்தார். அந்த வாரம் முழுக்க ஊர் மணந்து திரும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் கோயிலுக்கு வரவில்லை. "பாத்தியளா, நான் சொல்லலை?" என்று நாலு பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேனோ என்னவோ... அசையாமல் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வியாழக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் ஞானம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் மனைவி. பேண்டேஜ் யூனிட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்கதான சீட்டு எழுதுனிய? படிச்சவிய, நீங்க சரியாத்தான எழுதியிருப்பிய?"

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"அப்பம் இவிய குடிச்சிருக்காவன்னுதான அர்த்தம்? நேத்து வாயை ஊதச் சொன்னேன் தம்பி. பதினோரு மாசமா நான் கேக்காத கேள்வி. ஒண்ணும் பேசாம ஊதுனாவ. வாடையே இல்லை. ஆனாலும் மனசு அடங்க மாட்டேங்குது. உங்க படிப்பை நம்புததா, அவிய வாயை நம்புததா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அக்கா, பஸ் வருது."

எழுதவே கூசுகிறது. ஆனால் அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறியும்விட்டேன். ஒரு மனுஷன் நிஜமாகவே மனந்திரும்பியிருக்கிறான். 'மனந்திரும்புங்கள்' என்ற சொல்லையே தப்பாக எழுதிக் கொடுத்து, அவன் திரும்பவில்லை என்று கட்டின மனைவியையே சந்தேகப்பட வைத்துவிட்டேன். இதைவிட ஒரு தமிழ் வாத்தியார் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பது என் வேலை. 'வருகிற புதன்கிழமை முதல் உயிர்மீட்சிக் கூட்டம்' வரைக்கும் வாசித்தேன். அடுத்த சொல் 'மனந்திரும்புங்கள்'. அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. தாளைக் கீழே வைத்தேன்.

"சுவத்துல இருக்க தப்பு என்னோடது. மூணு சுழி போட்டுக் குடுத்தது நான். கல்யாணப் பத்திரிகை எழுதின கையோட எழுதிட்டேன். ஆசீர்வாதம் அண்ணன் குடிக்கலை. எனக்கு அன்னைக்கே தெரியும். பயந்துபோய்ச் சும்மா இருந்துட்டேன்."

முன் வரிசையில் தேவசகாயம் ஐயா முகம் சிவந்து எழுந்தார். போச்சு, கல்யாணம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து 'களுக்'கென்று ஒரு சிரிப்பு. ஜெயா! 'கல்யாணப் பத்திரிகை எழுதின கையோட' என்றதை அவளால் தாங்க முடியவில்லையாம். அடுத்து இன்னொருத்தி சிரித்தாள். அப்புறம் கோயிலே குலுங்கியது. போதகர் அங்கியின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். என் நெஞ்சில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த அம்மிக்கல் அந்தச் சிரிப்பில் உருண்டு ஓடியேவிட்டது. அத்தனை சந்தோஷம்! அழுகையும் வந்தது.

ஆராதனை முடிந்ததும் ஐயா என் கையைப் பிடித்தார். "வாரும், போவோம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் வீட்டு முற்றத்தில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "தெரியும் தம்பி, சீட்டு எங்கிட்டதான இருக்கு" என்றார்.

"பொறவு ஏண்ணே அன்னைக்குக் காட்டலை?"

"காட்டத்தான் சட்டைப்பையில கை விட்டேன். ஒங்க மூஞ்சியப் பாத்தேன், வெளிறிப் போயிருந்துச்சு. நான் எம்புட்டு நாள் குடிச்சிட்டு வந்து சட்டிபானைய ஒடச்சிருக்கேன்! அம்புட்டையும் ஆண்டவர் ஒரு கேள்வி கேக்காம அழிச்சிட்டாரு. நான் போயி ஒங்க ஒத்த எழுத்தைத் தூக்கிக் காட்டுனா நல்லாவா இருக்கும்?"

ஞானம் அக்காதான் பேசினார். அண்ணன் முதுகில் ரெண்டு அடி வைத்துவிட்டுப் பேசினார்.

"எங்கிட்டயாவது சொல்லப்படாதா? எம்.ஏ.வை நம்பி, கட்டுன புருசனை ஊதச் சொல்லிட்டேனே, பாவி நான்!"

"அதுக்கென்னட்டி, இப்பமும் ஊதவா?"

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். தேவசகாயம் ஐயா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கவும் தெரியாது. "ஆசீர்வாதம்... நான்... ஏணி எங்கப்பா இருக்கு?" என்றார். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா என்று நான்தான் இழுத்தேன். "மனந்திரும்புததுக்கு நாள் பாக்கப்படாது" என்று பெயிண்ட் வாளியை என் தலையில் கட்டிவிட்டார் ஐயா.

மத்தியான வெயில். அண்ணன் ஏணியில் ஏறினார். ஐயா ஏணியைப் பிடித்தார். நான் வெள்ளைப் பெயிண்டைக் கலக்கிக் கொடுத்தேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று வேடிக்கை பார்க்கவே நின்றது. மேலே ஒரு சுழி மறைய மறைய, ஐயா ஏணியில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். ஏணி கிடுகிடுவென்று ஆடியது.

மேலேயிருந்து அண்ணன் கத்தினார்.

"ஐயா, கெட்டியாப் பிடிங்க! நான் நேராத்தான் நிக்கேன்... நீங்கதான் ஆடுதிய!"

கூட்டம் தொடங்க இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் எங்கள் ஊரில் இரண்டு பேர் மனந்திரும்பியாகிவிட்டது — பட்டப்பகலில், பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு!