இறுக்கமான விக்

ஒரு மனிதனின் மூச்சில் கஸ்டர்ட் வாசம் வரும் என்று மெல்பேர்னுக்கு வருவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லவில்லை. டண்டினொங்கில் நான் வேலை செய்த பண்டகசாலையின் பின்கதவடியில், தேநீர் இடைவேளையில் நாங்கள் நாலைந்து பேர் சிகரெட்டும் கையுமாகக் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்போம். சற்றுத் தள்ளி நின்று, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிரெய்க் ஓர் உலோகக் குழாயை உறிஞ்சுவான். குசினியில் பால் பொங்கியதுபோல வெண்புகை கிளம்பும். கூடவே அந்த வாசமும். எங்கள் ஊரில் புகைக்கிறவர் பக்கத்தில் வந்தால் புகையிலை மணக்கும். இவன் பிறந்தநாள் வீடுபோல மணந்தான்.

2012 என்று நினைக்கிறேன். என் மனைவி ரெஜினா அப்போது கர்ப்பம். "பிள்ளை பிறக்க முதல் சிகரெட்டை விடுறியள். இல்லாட்டி நானும் பிள்ளையும் வீட்டுக்குள்ள, நீங்கள் கராஜுக்குள்ள" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். என் நிலைமையைக் கேட்ட கிரெய்க் தன் பழைய மின்சிகரெட் குழாய் ஒன்றைத் தந்தான். அடியில் பற்றரி, மேலே அட்டமைசர் என்ற சின்னக் கலன். அதற்குள் ஒரு வெள்ளை நூல், நூலைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். நூல் திரவத்தை உறிஞ்ச வேண்டும். கம்பி சூடாகி அதை ஆவியாக்க வேண்டும். நூலையும் கம்பியையும் நாமே மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம். அவன் பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. கைகளைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். நானே பூட்டி இழுத்த முதல் இழுப்பில், தீய்ந்த சட்டையைத் தின்றதுபோல ஒரு ருசி. இருமி இருமிக் கண்ணீர் வந்துவிட்டது.

கிரெய்க் என்னை உற்றுப் பார்த்தான். "யுவர் விக் இஸ் டூ டைட், மேட்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் நாட்டைவிட்டு வெளிக்கிடுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே என் தலைமயிர் என்னைவிட்டு வெளிக்கிட்டிருந்தது. கலியாணத்துக்காகக் கொழும்பில் வாங்கிய விக்குடன்தான் விமானம் ஏறினேன். மெல்பேர்னில் ரெஜினாவைத் தவிர வேறு ஒருவருக்கும் அது தெரியாது என்று நம்பியிருந்தேன். அவுஸ்திரேலியர்கள் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. ஆனாலும் இவ்வளவு நேராகவா? கழிவறைக்கு ஓடிப்போய், கண்ணாடியைப் பார்த்து விக்கின் உட்பட்டியைத் தளர்த்தினேன்.

மறுநாளும் அதே தீய்ந்த ருசி. "ஸ்டில் டூ டைட்" என்றான் கிரெய்க். "தி ஜூஸ் கான்ட் கெட் அப் தேர்." வியர்வையைத்தான் நாகரிகமாக ஜூஸ் என்கிறானாக்கும் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் தளர்த்தினேன். அன்று கார் நிறுத்துமிடத்தில் காற்றடித்தபோது, குண்டு விழுகிறதுபோலத் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடினேன்.

"அவனுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றேன் ரெஜினாவிடம்.

"தெரிஞ்சால் என்ன? உங்கடை தலையாலயே அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறான்? முதல்ல சிகரெட்டை விடுங்கோ."

அடுத்த முறை நான் இருமியது தேநீர் அறைக்குள், எல்லாருக்கும் முன்னால். கிரெய்க் பொறுமையிழந்து எழும்பி வந்தான். "டேக் இட் அவுட், மேட். லெட்ஸ் ஹாவ் எ லுக்." கழற்று, பார்ப்போம் என்கிறான். இனி மறைத்து என்ன பயன்? கண்ணை மூடிக்கொண்டு விக்கைக் கழற்றி, பிஸ்கற் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது கிரெய்க் கையில் ஒரு சின்னச் சாமணத்துடன் நின்றான். "ஜீஸஸ்" என்றான். பிறகு மெதுவாக என் மற்றக் கையிலிருந்த குழாயை வாங்கினான். அட்டமைசரைத் திறந்து, கரிந்த நூலைச் சாமணத்தால் இழுத்தெடுத்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தான். "திஸ். திஸ் இஸ் தி விக்."

திரி! அவன் இத்தனை நாளும் சொன்னது திரியை. முதலில் சிரித்தது நான்தான். அதற்குப் பிறகு அந்த அறையில் யாராலும் தேநீர் குடிக்க முடியவில்லை.

திரியைப் பற்றி எனக்கா பாடம்? யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் மருந்துபோலத் துளித் துளியாகத்தான் கிடைக்கும். ஜாம் போத்தலுக்குள் சைக்கிள் ரியூப் வால்வில் திரி கோத்து, அந்த வெளிச்சத்தில் ஏ.எல். பரீட்சைக்குப் படித்தவன் நான். திரியை இறுக்கிச் செருகினால் எண்ணெய் ஏறாமல் திரியே கருகும். தொளதொளவென்று விட்டால் விடிய மூக்குக்குள் கரி. இதெல்லாம் என் விரல்களுக்குத் தெரியும். ஆனால் திரிக்கு ஆங்கிலத்தில் விக் என்று பெயர் என எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

அன்றே மருந்துக்கடையில் திரிக்குப் பஞ்சு வாங்கினேன். முதலில் குறைத்து வைத்துவிட்டேன். களகளவென்று கொதித்து இனிப்புத் திரவம் நாக்கில் ஏறியது. கொஞ்சம் கூட்டினேன். சுருளுக்குள் இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போகவேண்டும், ஆனால் ஆடக்கூடாது. திரவம் வரும் வழியை அடைக்காமல் இரு நுனிகளையும் கத்தரித்தேன். அப்புறம் ஜூலைக் குளிரில் திரவம் சீனிப்பாணிபோலத் தடித்து ஏற மறுத்தது. போத்தலைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கினேன். கிரெய்க் முகத்தைச் சுளித்தான்; அடுத்த வாரம் அவனும் கக்கத்துக்குள் ஒரு போத்தலோடு நின்றான். நூலை விட்டுப் பஞ்சுக்கும் மாறினான். பிள்ளை பிறந்தபோது என் சட்டைப்பையில் சிகரெட் இல்லை. கராஜ் காருக்கே கிடைத்தது.

அதன்பிறகு வேலைத்தளத்தில் நான் மொட்டைதான். தமிழ்ச் சனத்துக்குள் மட்டும் பழையபடி விக். அது பிரச்சினையில்லாமல் நடந்தது, மகளின் ஞானஸ்நானம் வரைக்கும். ஊர்ச்சனத்தையும் அழைத்திருந்தோம், வேலைத்தளத்தாரையும் அழைத்திருந்தோம். கோயில் வளவுக்குள் காரை நிறுத்தியபோது ஒரு பக்கம் சேலைகளோடு அன்ரிமார், மறுபக்கம் இஸ்திரி போட்ட சட்டைகளோடு கிரெய்க்கும் கூட்டமும். "எந்தத் தலையோட இறங்கப்போறியள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரெஜினா பிள்ளையோடு இறங்கிப் போனாள். இரண்டு பக்கத்தாரும் தங்களுக்குத் தெரிந்த ஒருவனைப் பார்த்துக் கையசைத்தார்கள். விக் என் மடியில் கிடந்தது. கார்க் கண்ணாடி வெயிலில் மினுங்கியதால் என் தலை அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் இரண்டு பக்கத்துக்கும் சிரித்தபடி கையசைத்துக்கொண்டே உள்ளே இருந்தேன்.