காலிப் பையோடு ஒரு பல்கலைக்கழகப் பயணம்

காலை ஐந்து மணிக்குக் காரைக்காலில் பஸ் ஏறும்போது என் கையில் இரண்டு பைகள். ஒன்றில் மகள் செல்விக்கு வறுத்த கருவாடு. இன்னொன்று காலி, அவள் துணிமணிகளை அள்ளிக்கொண்டு வருவதற்கு.

முந்தின நாள் போனில் அப்படி அழுதாள். "இத்தனை ஆயிரம் பேர்ல என் பேரு ஒருத்திக்கும் தெரியாதும்மா. வகுப்புலகூட பேரு கூப்பிட மாட்டாங்க, மெஷின்ல விரல வைக்கணும். தனியாத்தான் சாப்பிடுறேன். வந்து கூட்டிட்டுப் போயிடு." ஆசை ஆசையாகப் படிக்க அனுப்பிய பெண்.

பன்னிரண்டு மணிக்குப் பெரிய வாசலில் இறங்கினேன். "லேடீஸ் ஹாஸ்டல் உள்ள மூணு கிலோமீட்டர்ம்மா, அறுபது ரூபா" என்றார் ஆட்டோக்காரர்.

"காலேஜுக்குள்ளயே மூணு கிலோமீட்டரா? நான் மண்டபத்தூர்லேருந்து கோட்டுச்சேரிக்குக் கூடையோட நடக்குறவ!" என்று வீறாப்பாக நடந்தேன். உள்ளே பேங்க், தபால் ஆபீஸ், தனி பஸ். ஒரு ஊரே இருந்தது. சைக்கிளில் வந்த பையனிடம் வழி கேட்டேன். "நானே என் வகுப்பத் தேடிக்கிட்டிருக்கேன் ஆன்ட்டி" என்று பறந்துவிட்டான்.

விடுதிகளோ ஒரே அச்சில் ஆறு மஞ்சள் கட்டடங்கள். என் போனில் சார்ஜ் இல்லை. இருபது வருஷமாகத் தெருத்தெருவாக மீன் விற்கிறவள் வேறு என்ன செய்வேன்? அடிவயிற்றிலிருந்து கூவினேன்.

"செல்வீ... மண்டபத்தூர் செல்வீஈ!"

சன்னல்கள் திறந்தன. சன்னல் திறந்தால் என் வாய் சும்மா இருக்குமா? பழக்க தோஷம். "வஞ்சிரம், சங்கரா, நண்டேய்!"

தட்டோடு ஓடிவந்தார்கள் பெண்கள். "நண்டு எங்கக்கா? சாம்பார் தின்னு நாக்கு செத்துப்போச்சு!"

காவலாளி விசில் ஊதினார். "இங்க வியாபாரம் பண்ணக் கூடாதும்மா!"

"யோவ், பெத்த பொண்ணத் தேடுறேன்யா!"

அதைக் கேட்டதும் அந்தப் பெண்களே சேர்ந்து செல்வி பேரைக் கூவ ஆரம்பித்தார்கள். மூன்றாவது கட்டடத்திலிருந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள் என் மகள். "மானமே போச்சும்மா!"

கருவாடு கண் மூடித் திறப்பதற்குள் காலி. விரலை நக்கியபடி ஒருத்தி செல்வியின் தோளில் கை போட்டாள். "செல்வி, எந்த ரூம்டி நீ? ராத்திரி சாப்பிட எங்களோட வந்துடு."

நாலு மணிக்கு என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். "துணிய எடுக்கலையேடி?" என்றேன். காலிப் பையைப் பிடுங்கி, மடித்து, என் அக்குளில் செருகினாள்.

"அடுத்த மாசம் வரும்போது இங்கயே நில்லு, நான் வரேன். தயவுசெஞ்சு கூவாத." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினாள். "நண்டு கொண்டா. இருபது பேருக்கு."

பஸ்ஸில் காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். "என்னம்மா ஆச்சு?" என்று பதறினார் பக்கத்து சீட்டு அம்மாள்.

"ஒண்ணுமில்லங்க. இருபது பேருக்கு நண்டு வாங்கணும்" என்றேன்.