மூன்று நாள் பிரிக்காத கட்டு

இன்று ஆட்டுக்குப் புல் அறுக்கையில் வெட்டுக்காயப் பூண்டு கையில் கசங்கியது. அந்தப் பச்சை வாடையில் கல்குவாரிக் குடிசைகள் நினைவுக்கு வந்தன. திருமயம் பக்கம் இருந்த அந்த இடம் இப்போது தண்ணீர் நிற்கும் வெறும் பள்ளம். அப்போது நாளெல்லாம் சம்மட்டிச் சத்தம், சோற்றிலும் கல்தூசி. யாருக்கு அடிபட்டாலும் இந்த இலையை மஞ்சளோடு அரைத்து வைத்துப் பழைய வேட்டித் துணியால் கட்டுவார்கள். மூன்று நாளைக்குள் பிரித்தால் காயம் ஆறாது என்பார்கள்.

கல் விழுந்து அப்பாவின் கால்விரல் பிளந்தபோதும் அம்மா அப்படித்தான் கட்டினாள். நான் அவர் காலடியில்தான் படுப்பேன். இரண்டாம் நாள் கட்டிலிருந்து வந்தது இலை வாடை இல்லை. எனக்குத் தெரிந்தது.

"என்னாத்தா மூக்கச் சுளிக்கிற? ஒங்கப்பன் காலு சந்தனமா மணக்கும்னு நெனச்சியா?" என்றார் அப்பா.

சிரித்தேன். சொல்லவில்லை. சொல்லி, கட்டைப் பிரித்து, காயம் ஆறாமல் போனால் பழி என் மேல் வரும் என்று பயம்.

மூன்றாம் நாள் பிரித்தபோது விரல்கள் கறுத்திருந்தன. பெரியாஸ்பத்திரியில் பாதத்தையே எடுத்துவிட்டார்கள்.

"கட்டுக்குள்ள அழுகுனது யாருக்குத் தெரியும்?" என்று சாகும்வரை வருவோர் போவோரிடமெல்லாம் அப்பா சொல்லுவார். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.