ஐஸ்கிரீம் கிடங்கில் பள்ளிக்கூடக் கட்டுகள்

பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் கிளார்க்குக்கு ‘நாளைக்கு அக்கா’ என்று பெயர். நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு தைரியம் யாருக்கு இருக்கிறது? டி.சி. வேண்டுமா, நாளைக்கு வாங்க. பெயரில் எழுத்துப் பிழையா, நாளைக்குப் பார்க்கலாம். சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிறவள் வேறு என்னதான் சொல்வாள்?

அந்த நாளைக்குகளில் ஒன்று பள்ளிக்கூட வேன் டிரைவருடையது. அவரும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது கொடுத்த விண்ணப்பத்தில், அம்மாவின் மடியில் அவர் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்று ஒட்டியிருந்தது. அடுத்த வருஷமே அம்மா தவறிவிட்டார். வீட்டில் வேறு ஒரு படம்கூட இல்லை. “ஒரு காப்பி எடுத்துக் குடுங்கக்கா” என்று ஜனவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷத்து விண்ணப்பக் கட்டு அலமாரியின் உச்சித் தட்டில் இருந்தது. ஏணி வேண்டும், தூசி தட்ட வேண்டும். அக்கா பதினோரு தடவை நாளைக்கு என்று சொல்லியிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸைத் திறந்தால் செருப்பு மிதக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாடிக் குழாய் உடைந்து, தண்ணீர் நேராக அலமாரிக்குள்ளேயே இறங்கியிருந்தது. நாற்பத்தோரு வருஷத்து விண்ணப்பங்கள், நாற்பத்தோரு கட்டுகள், எல்லாம் சொதசொதவென்று ஊறிக் கிடந்தன. அக்காவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது டிரைவர் முகம்தான்.

அப்புறம் யோசனை சொல்ல ஆளா இல்லை? மொட்டை மாடியில் காயப்போடு என்றார் தலைமையாசிரியை. இஸ்திரிப் பெட்டி கொண்டு வரவா என்றார் கணக்கு டீச்சர். அக்கா ஒரு கட்டின் மேல்தாளைத் தொட்டாள்; கூழாகக் கையோடு வந்தது. “யாரும் எதையும் தொடாதீங்க” என்று போட்ட அதட்டலில் தலைமையாசிரியையே இரண்டடி பின்னால் போனார்.

நான்கு இடத்துக்கு போன் போட்டு, ஐந்தாவதாகப் பெரிய நூலகத்தில் பழைய ஏடுகளைப் பழுது பார்க்கும் அம்மாளைப் பிடித்தாள்.

“பிரிக்காதீங்க, வெயில்ல போடாதீங்க” என்றார் அந்த அம்மாள். “போட்டோ அப்படியே காஞ்சா பக்கத்துத் தாளோட ஒட்டிக்கும். உரிச்சா மூஞ்சி வந்துடும். தண்ணி எப்ப புகுந்துச்சு?”

“நேத்து காலையிலயா இருக்கும்.”

“அப்ப இன்னைக்கு ஒரு நாள்தான் உங்களுக்கு. நாளைக்குப் பூஞ்சை பிடிச்சிடும். கட்டோட அப்படியே உறைய வைங்க. நான் வெள்ளிக்கிழமை வந்து பிரிச்சுத் தரேன்.”

“உறைய வைக்கணுமா? எதுல?”

“ஃப்ரீசர்லதாம்மா.”

நாளைக்கு ஆகாது. அக்காவின் காதில் அந்த ஒன்றுதான் நின்றது. அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே அவளை! மீன் கிடங்குக்கு அடித்தாள். “மீன் இருந்தா கொண்டாங்க, பேப்பருக்கு இங்க என்ன வேலை?” என்று வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சிரித்தார்கள். ஐஸ்கிரீம் மொத்த வியாபாரியும் முடியாது என்றுதான் ஆரம்பித்தார். அக்கா விடுவாளா?

“சார், நீங்க நம்ம பள்ளிக்கூடம்தானே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“உங்க விண்ணப்பமும் இதுக்குள்ளதான் ஊறிக்கிட்டிருக்கு. அதுலதான் உங்க நிஜமான பிறந்த தேதியும் இருக்கு.”

அந்தப் பக்கம் குரல் சட்டென்று இறங்கியது. “எத்தனை கட்டுன்னு சொன்னீங்க?” என்றார் வியாபாரி.

ஒன்றோடொன்று ஒட்டாமல் சுற்ற பேக்கரியிலிருந்து எண்ணெய்த்தாள் ஒரு சுருள் வந்தது. வேனும் வந்தது. டிரைவர் இறங்கியதுமே அக்கா மறைக்காமல் சொல்லிவிட்டாள்: “உங்க கட்டும் நனைஞ்சிடுச்சு. அன்னைக்கே எடுத்துக் குடுத்திருக்கணும். தப்பு என்னுதுதான்.” அவர் சீட்டையெல்லாம் மடக்கினார், தார்ப்பாயை விரித்தார். “ஏத்துங்கக்கா, நேரம் போகுது” என்றார். பச்சைக் குழந்தையை ஏற்றிக்கொண்டு போவதுபோல் ஒவ்வொரு வேகத்தடையிலும் வேன் நின்று ஏறி இறங்கியது. வெனிலா டப்பாக்களுக்கும் குச்சி ஐஸுக்கும் நடுவே நாற்பத்தோரு கட்டுகளும் மதியத்துக்குள் உட்கார்ந்துவிட்டன.

ஈரம் உறிஞ்சும் தாள் வேண்டும் என்று நூலக அம்மாள் சொல்லியிருந்தார். மூன்று ஸ்டேஷனரிக் கடைகளில் கேட்டாகிவிட்டது. “மை ஒத்துற தாளா? அதெல்லாம் இங்க் பேனாவோட போச்சும்மா.” அக்காவுக்கு ரோஷம் வந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்துக்குச் சாமான் கொடுக்கும் கடையை நினைத்துக்கொண்டாள். வடிகட்டுகிற ஃபில்டர் பேப்பர், வடிதாள் இருக்குமே, பெரிய தாளாக?

இருந்தது. “எந்த டெஸ்டுக்கு மேடம்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“டெஸ்டெல்லாம் எனக்குத்தான். இருக்கிற அத்தனையும் கட்டுங்க” என்றாள் அக்கா. வெற்றியோடு வெளியே வந்தவளுக்கு நடுரோட்டில் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் வேலை இத்தனை குஷியாக இருந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை நூலக அம்மாள் மழுங்கிய தகடும் தூரிகையுமாக வந்து சேர்ந்தார். “எதை முதல்ல எடுக்கலாம்?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், “இதை” என்று டிரைவருடைய வருஷத்துக் கட்டை மேசையில் வைத்தாள் அக்கா. பனி இளக இளக அறை முழுக்க வெனிலா வாசனை. தாள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வடிதாளின் மேல் போய்ப் படுத்தன. டிரைவர் உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அறுபத்தேழாவது தாள் பக்கத்துத் தாளோடு ஒட்டியிருந்தது. தூரிகையால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு அம்மாள் காத்திருந்தார். தகடு மெல்ல நகர்ந்தது. தாள் விட்டுக்கொடுத்தது. உள்ளே ஒரு பெண், நடு வகிடு எடுத்துச் சீவி, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண், மூக்கு, உதட்டோரச் சிரிப்பு எல்லாம் இருந்தது. மடியில்தான் போச்சு. குழந்தையின் முகம் இருந்த இடம் பொங்கிக் கரைந்து வெள்ளையாகக் கிடந்தது.

அக்கா அந்த வெள்ளை இடத்தைக் காட்டினாள். “ஜனவரியிலயே எடுத்திருந்தா உங்க முகமும் இருந்திருக்கும்” என்றாள்.

டிரைவர் அப்போதுதான் உள்ளே வந்தார். மேசைமேல் குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் போனா போறேன்கா” என்றார். “நான்தான் இங்கயே நிக்கிறேனே.”

அப்புறம் நிமிர்ந்தார். “காப்பி எப்பக்கா கிடைக்கும்?”

அக்கா அதற்குள் கைபேசியை எடுத்துப் படத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழல் அம்மா மேல விழுது” என்றாள்.