சின்னம்மா வெட்டிய கூறைப்புடவை

மலாயா சுதந்திரம் பெற்ற வருடம், மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் சந்துப் பெண்பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரே பட்டில் கவுன் போட்டு ஊர்வலம் பார்க்கப் போனோம். அது என் அம்மாவின் கூறைப்புடவை.

வெட்டியது சின்னம்மா. அம்மாவின் தங்கை. கல்யாணமாகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பாள். ஊர்வலத்துக்கு முந்தின மாதம் அவளுக்குத் தூக்கமே தேவைப்படவில்லை. நாங்கள் கண்விழிக்கும்போதே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தெங்கேராவில் கடை திறக்கப்போகிறேன் என்பாள். அந்தப் பேச்சு முடியுமுன் சிங்கப்பூரிலும் ஒன்று திறந்துவிடுவாள். எனக்கு அவளைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை. வீட்டு வாசல் திரைகளையெல்லாம்கூட வெட்டித் தைத்துத் தீர்த்தபின் அம்மாவின் அலமாரியைத் திறந்தாள்.

மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அம்மா கூடையை இறக்காமலே நின்றாள்.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“சும்மாதானேக்கா கெடந்துச்சு. பிள்ளைங்க போடட்டும்லா.”

அம்மா மீதித் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். சின்னம்மா அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஊர்வலத்துக்கு முன்பே அவள் படுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அம்மா அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தலைசீவிச் சோறு ஊட்டுவாள். சில நாள் ஊட்டிய சோறு வாயிலேயே இருக்கும். கவுன் வாங்கிப்போன வீடுகளிலேயே சோம்பேறி என்று பேசினார்கள். ஊர்வலத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாளே என்று நான் கவுனோடு அவள் முன் போய் நின்றேன்.

“ஒனக்கு நல்லாருக்கு,” என்றாள். “என்னாலதான் எந்திரிக்க முடியல.”

பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள் மட்டும் தினமும் வந்தார். தலைமுறைகளாக மலாய் பேசும் குடும்பம், அவருக்குத் தமிழ் வராது. “சுடா மாக்கான்?” என்று, சாப்பிட்டாயா என்பதை மலாயில் கேட்பார். கட்டிலோரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுவிட்டுப் போவார். மறுநாளும் வருவார்.

அது உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு என்ற நோய், அதற்கு மாத்திரை உண்டு என்பதெல்லாம் பல வருடம் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது. மாத்திரை தொடங்கியபின் சின்னம்மா தைத்தாள், சமைத்தாள், எல்லோரையும்போல அம்மாவோடு சண்டை போட்டாள். இடையிடையே படுக்கவும் செய்தாள். ஆனால் அந்த வருடம் அம்மாவிடம் இருந்தது, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது மட்டும்தான்.

அந்த மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் சின்னம்மா தானாகவே குளித்து, பூ வைத்து, அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். நான் கிணற்றடிக்கு ஓடினேன்.

“அம்மா, சின்னம்மா சிரிக்கிறாங்க.”

அம்மா துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஈரக்கையோடு உள்ளே வந்தாள். தங்கையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அம்மாவும் சிரிப்பாள் என்று நான் காத்திருந்தேன்.

“ராத்திரி தூங்குனியா?” என்று கேட்டாள்.

இவ்வளவு சந்தோஷமாக இருப்பவளிடம் அதை எதற்குக் கேட்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.