பொட்டு வைத்த ரோபோ

சில வருஷங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை சமயத்தில், மந்தைவெளியில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

எனக்குத் தொழில் ப்ளவுஸ் தைப்பது. வீட்டில் அண்ணனும் நானும்தான். நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த மனுஷனுக்கு நரம்பில் ஏதோ நோய் வந்து முதலில் கால் போனது, பிறகு கை. பேச்சும் குழறிவிட்டது, எனக்கு மட்டும்தான் புரியும். மிச்சம் இருந்தது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அதுவும் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அண்ணனிடம் ஒரு தகர ரோபோ உண்டு. கப்பலில் வேலை பார்த்த அப்பா ஜப்பானிலிருந்து வாங்கி வந்தது. பேட்டரி போட்டு ஸ்விட்சைத் தள்ளினால் கடகடவென்று நடக்கும். சின்ன வயசில் என்னைக் கிட்டவே விடமாட்டார். ஒருநாள் அது இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அத்த ஒரு தபா நடக்க வைக்கணும்டி. நானே" என்றார். ஸ்விட்சைத் தள்ள விரலில் பலமில்லை. லேப்டாப்பில் ஒரு பட்டனை அழுத்தலாம், அவ்வளவுதான்.

எனக்கு ஃபேன் ஸ்விட்சுக்கு மேல் மின்சாரம் தெரியாது. வீடியோக்களைப் பார்த்து, லேப்டாப் பட்டனை அழுத்தினால் ரோபோவை நடக்க வைக்கிற ஒரு சின்ன கண்ட்ரோல் போர்டை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்தேன். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு, ஈயத்தை உருக்கி ஒயரைப் பற்றவைக்க வரவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டேன், அழுதேன், திரும்ப உட்கார்ந்தேன். போர்டு ரோபோவின் வயிற்றுக்குள் அடங்கவில்லை. தையல் நூலாலேயே அதன் முதுகில் கட்டிவிட்டேன்.

ஒரு மதியம் பட்டனைத் தொட்டேன், ரோபோ இடது காலைத் தூக்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை எழுப்பப் போனவள், சுவரில் காலண்டரைப் பார்த்து நின்றுவிட்டேன். நாளைக்கு ஆயுத பூஜை, அடுத்த நாள் விஜயதசமி. எதையும் ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் ஏது? ரோபோவை அணைத்து வைத்துவிட்டேன். எழுந்ததும் சொன்னேன். "சரி, நல்ல நாள்லயே பண்ணலாம்" என்றார்.

பூஜையன்று தையல் மெஷின், கத்தரிக்கோல், லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். "அதுக்கும் வையி. இல்லாங்காட்டி கோச்சுக்கும்" என்று அண்ணன் ரோபோவைக் காட்டிச் சிரித்தார். நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். உண்மையில் வேலை செய்யப்போவது முதுகில் இருக்கிற போர்டுதானே என்று அதற்கும் தாராளமாக, ஈரச் சந்தனமாக ஒரு பெரிய பொட்டு.

மறுநாள் காலை. ரோபோவை மேஜைமேல் நிறுத்தி, அண்ணன் விரலைப் பட்டன்மேல் வைத்துவிட்டு, போர்டுக்குக் கரண்ட் கொடுக்க மூலையிலிருந்த ப்ளக்கைப் போட்டேன். அண்ணன் விரல் அசைவதற்கு முன்பே ரோபோ தானாக நடக்க ஆரம்பித்தது. "நிக்க வையிண்ணே!" என்று கத்தினேன். அண்ணன் விரல் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்தது. அது நிற்கவில்லை. ப்ளக்கைப் பிடுங்கத் தோன்றாமல் நான் ஓடி வருவதற்குள் மேஜை விளிம்பைத் தாண்டி விழுந்தது. கால் ஒடிந்து, பல்சக்கரங்கள் தரையெல்லாம் சிதறின. ஒயர் கருகின நாற்றம்.

"தொடாதன்னு அப்பவே சொன்னேன்ல" என்றார் அண்ணன். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஈரச் சந்தனத்தால் போர்டு ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கடையில் சொன்னார்கள். வேறு போர்டு வாங்கினேன். பழைய மாதிரிப் பல்சக்கரத்துக்கு அலையாய் அலைந்தேன். ரோபோ மறுபடி நடக்கும்போது பொங்கல் வந்துவிட்டது. அதற்குள் அந்த விரலும் அடங்கியிருந்தது. அதைப் பட்டன்மேல் வைத்து, அதன்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். ரோபோ நடந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அழுத்தியது யார் என்று அவருக்குத் தெரியாதா?

அண்ணன் இப்போது இல்லை. ரோபோ அலமாரியில் இருக்கிறது. யாராவது நல்ல நாள் பார்க்க என்னிடம் காலண்டரைக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். ஆனால், அந்த விரல் அசைந்துகொண்டிருந்த ஒரு சாதாரண மதியத்தைவிட நல்ல நாள் எதுவும் எனக்கு அதில் இன்றுவரை கிடைக்கவில்லை.