கேசட்டில் கேட்ட மூச்சு

ஆண்பிள்ளை ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் எங்கள் குன்னத்துகாலில் உடனே ஜீப் வரும். பெண்பிள்ளைக்கு எங்கே வலித்தாலும் அது வாயு. தொண்ணூறுகளில் அந்த வாயுவால் நான் செத்தே போயிருப்பேன்.

அப்போது வீட்டில் நான் ஒருத்திதான். கணவர் மஸ்கட்டில். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பேச்சுத்துணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா, அதுவும் அவளுக்கு வேலை ஒழிந்தால். மற்றபடி ரப்பர்தான் எனக்குக் கூட்டு. வெட்டுக்காரர் மரத்தைக் கீறிக் கொண்டுவரும் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, மறுநாள் ரோலரில் கொடுத்து ஷீட்டாக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றுவதும் நான்தான்.

அந்த வருஷம் மழை விட்டதும் ரோலர் சுற்ற முடியாமல் போனது. கொஞ்சம் சுற்றினாலே தோளிலிருந்து முழங்கை வரை கடுக்கும். முதுகில் பாரம் ஏற்றி வைத்ததுபோல் இருக்கும். தாடை வலிக்கிறதே என்று போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். பல்தான் போச்சு, வலி போகவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வேர்த்து ஜம்பர் நனைந்துவிடும். அக்காவிடம் சொன்னால், கைவலி ரோலரால், மற்றதெல்லாம் வாயுவால் என்று தீர்ப்புச் சொல்லி, தைலமும் இஞ்சித் தண்ணீரும் தந்தாள்.

"தனியா இருந்து ஒவ்வொண்ணா நினைக்கியல்லா, அதுனால வாறதாக்கும் மக்கா," என்றாள்.

நானும் நம்பித் தொலைத்தேன்.

அந்தக் காலத்தில் வளைகுடாவுக்கு நாங்கள் பேசித்தான் அனுப்புவோம். டேப்பில் பேசிப் பதிந்து, லீவு முடிந்து போகிறவர் கையில் கேசட்டைக் கொடுத்துவிடுவோம். ஒரு மத்தியானம் அப்படி உட்கார்ந்து, எனக்கு ஒரு குறையும் இல்லை, கிணற்றில் தண்ணீர் உண்டு, மகள் சுகம் என்று பேசினேன். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே யாரோ மலையேறுவதுபோல் மூச்சு வாங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தல்லவா பேசினேன்? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டில் என் மூச்சைக் கேட்க என்னை விட்டால் வேறு யார்?

அக்காவிடம்கூடச் சொல்லாமல், ஆட்டோ பிடித்துக் காரக்கோணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி எடுத்த டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்ததும் என்னை நடக்க விடவில்லை. ஹார்ட் அட்டாக் என்றார். நெஞ்சு வலிக்கவே இல்லையே என்றேன்.

"பொம்பிளையளுக்கு இப்பிடியும் வரும். தாடை, தோளு, முதுகு, வேர்வை, மூச்சுமுட்டு. நெஞ்சுலதான் வலிக்கணும்னு இல்லை," என்றவர், கூட வந்தது யார் என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

பிழைத்து வீட்டுக்கு வந்தபோது டேப்பில் அந்தக் கேசட் அப்படியே கிடந்தது. புதிதாகப் பேசத் தெம்பில்லை. அதையே கொடுத்தனுப்பினேன். நான் வாய் திறந்து சொல்லாததை என் மூச்சு சொல்லிவிடும், கட்டினவருக்குப் புரியாமலா போகும் என்று இருந்தேன்.

கொஞ்ச நாளில் அவர் பேசிய பதில் கேசட் வந்தது. டேப்பில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"நீ கரைஞ்சது கேட்டேன், கேட்டியா. என்னை நினைச்சு இப்பிடி ஏங்கி ஏங்கிக் கரையாதே. அடுத்த லீவுக்கு வாறேன்."

நான் அழுதேனாம். குரலில் பெருமை வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரெக்கார்டு பட்டனை ஓங்கி அழுத்தினேன். சுகமா என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் கரையல்ல, கேட்டியளா. அது ஹார்ட் அட்டாக்காக்கும்."